நூறு ஆண்டு இருபத்தைந்தான கதை: கத்தோலிக்கப் புனித ஆண்டும் திருப்பயணியும்

கத்தோலிக்கத் திருஅவையின் புனித ஆண்டு, திருத்தந்தையர் வகுத்துக் கொடுத்த ஏற்பாடு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆணைமடல்களை மட்டும் வரிசையாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் முதல் ஆணையே கூட்டத்துக்குப் பின்னால்தான் வந்தது. 1300 ஜனவரியிலேயே உரோமையின் புனித பேதுரு பெருங்கோவிலில் மக்கள் திரளத் தொடங்கிவிட்டனர். நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போனால் பாவத் தண்டனை நீங்கும் என்று ஊரெங்கும் பேச்சு. திருத்தந்தை 8ஆம் போனிஃபாஸ் பழைய ஏடுகளைத் தேடச் சொன்னார், ஒன்றும் அகப்படவில்லை. அப்போது 107 வயது முதியவர் ஒருவர், 1200இல் உரோமைக்குப் போன தம் தந்தை சொன்னதை நினைவுகூர்ந்ததாகக் கர்தினால் ஸ்தெஃபனெஸ்கி எழுதிவைத்திருக்கிறார். ஏட்டில் இல்லாதது ஒரு கிழவரின் நினைவில் இருந்தது. பிப்ரவரி 22 அன்று ஆணை வெளிவந்தது: பாவசங்கீர்த்தனம் செய்து, பேதுரு, பவுல் பெருங்கோவில்களுக்கு உரோமையர் 30 நாளும் வெளியூரார் 15 நாளும் சென்றால் பரிபூரண பலன், அதாவது பாவத் தண்டனை முழுவதிலிருந்தும் விடுதலை. அடுத்த வாய்ப்பு நூறாண்டு கழித்து.

நூறாண்டு என்பது மனித ஆயுளுக்குள் அடங்காத கணக்கு. அப்போது திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோனுக்கே உரோமை நகரத் தூதுக்குழு போய் முறையிட, 1343இல் 6ஆம் கிளமெண்ட் அதை 50 ஆக்கினார். லேவியர் நூலின் யூபிலி என்னும் ஐம்பதாம் ஆண்டு, எக்காளம், அடிமை விடுதலை எல்லாம் இந்த விளக்கத்தில்தான் முன்னுக்கு வருகின்றன. போனிஃபாசின் ஆணையில் யூபிலி என்ற சொல்லே இல்லை. 1350 வந்தது, கொள்ளைநோயில் பிழைத்தவர்கள் உரோமைக்கு நடந்தார்கள், திருத்தந்தையோ அவிஞ்ஞோனை விட்டு அசையவில்லை. அழைத்தவர் இல்லாமலேயே விழா நடந்தது என்பதைவிட புனித ஆண்டை உருவாக்கியவர்கள் திருப்பயணிகளே என்ற என் வாதத்துக்கு வலுவான சான்று வேண்டியதில்லை. பிறகு இயேசுவின் வாழ்நாளை ஒட்டி 33 என்றார் 6ஆம் உர்பான். 1470இல் 2ஆம் பவுல் 25 என்று நிலைநிறுத்தினார். அதற்கு முன், 1450 புனித ஆண்டின் டிசம்பரில், உரோமையின் சாந்த் ஆஞ்செலோ பாலத்தில் ஒரு கோவேறு கழுதை மிரண்டு, நெரிசலில் சுமார் 170 பேர் மாண்டனர். அந்தக் கழுதை கர்தினால் பியெத்ரோ பார்போவுடையது என்கிறார்கள். அவரே பின்னாளில் 2ஆம் பவுல்! கூட்டத்தின் கனத்தை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் காணிக்கைக்காக என்பது பழைய மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பவுல் பெருங்கோவிலின் பீடத்தருகே இரு குருக்கள் இரவும் பகலும் கையில் வாருகோலுடன் நின்று காசை வாரியதை, 1300இல் நேரில் கண்ட ஆஸ்தி ஊர் வெந்தூரா பதிவு செய்திருக்கிறார். யாத்திரிகரால் உரோமையர் பணக்காரரானதாக அக்கால வரலாற்றாசிரியர் வில்லானியும் எழுதுகிறார். ஆயினும், இடைவெளி குறைந்ததற்குப் பணம் காரணம் என்றாலும், மக்கள் வந்ததற்குப் பணம் காரணமாகாது. செலவழித்தவர்கள் அவர்கள்தானே. மேலும், உரோமையின் வருமானம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், பலனை வெளியூர்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். 1500க்குப் பின் 6ஆம் அலெக்சாண்டர், வர இயலாதவர்களுக்காக அதை உரோமைக்கு வெளியேயும் நீட்டித்தார். அங்கும் காணிக்கை கேட்கப்பட்டது உண்மை. ஆனால் தூரம் தடையாகக் கூடாது என்ற கொள்கை அப்போதே வேர்பிடித்துவிட்டது. காணிக்கை மறைந்த பிறகும் அது நின்றது. 2015இல், தாம் அறிவித்த சிறப்புப் புனித ஆண்டுக்காக, திருத்தந்தை பிரான்சிஸ் முதல் புனிதக் கதவை (புனித ஆண்டில் திருப்பயணிகள் நுழையத் திறக்கப்படும் கதவை) வத்திக்கானில் திறக்கவில்லை. உள்நாட்டுப் போரில் சிதைந்திருந்த மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கியில், நவம்பர் 29 அன்று திறந்தார். மறைமாவட்டம்தோறும் கதவுகள் திறந்தன.

2025 இந்த வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். இம்முறை புனிதக் கதவுகள் உரோமையின் நான்கு பெருங்கோவில்களோடு நின்றன. மறைமாவட்டங்களில், தமிழகம் உட்பட, பேராலயத் திருப்பலியோடு ஆண்டு தொடங்கியதே தவிர கதவு இல்லை. ஆனால் பலன் சுருங்கவில்லை. உள்ளூர்த் திருத்தலத்துக்குச் சென்றவருக்கும், படுக்கையை விட்டு எழ முடியாமல் வீட்டிலிருந்தே மன்றாடிய நோயாளிக்கும், சிறைக்கைதிக்கும் அது கிடைத்தது. ஐந்தாவதாக ஒரு கதவும் இருந்தது. அந்த ஆண்டுக்காகப் பிரான்சிஸ் தம் கையால் திறந்த கதவுகள் இரண்டே: 2024 டிசம்பர் 24 இரவு புனித பேதுரு பெருங்கோவிலின் கதவு, 26 காலை உரோமையின் ரெபிபியா சிறையின் கதவு.