எட்டுத் தேரும் ஒரு காலும்

புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் பகைவரை எச்சரிக்கின்றார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று ஒரேயொரு சக்கரம் செய்தால் அது எத்தகையதாக இருக்குமோ அத்தகையவன் தங்கள் தலைவன் என்பது அவர் கூற்று. சக்கரத்தைப் பழந்தமிழ் ‘கால்’ என்றே வழங்கியது. மன்னனின் வலிமைக்கு உவமை தேடிய புலவர் மலையையும் கடலையும் விடுத்துத் தச்சனின் பட்டறைக்குச் சென்றார். விரைந்து செய்யத் தெரிந்தவன் விரையாது செய்த பொருள் என்பதே அவ்வுவமையின் உயிர்.

அந்தத் தச்சனின் பெயரை ஔவையார் கூறவில்லை. அவருக்குப் பின் வந்த ஈராயிரம் ஆண்டு வரலாறும் தச்சர் பெயரைக் கூறுவதில் பெரிதும் கருத்துச் செலுத்தவில்லை. தேரை ஈந்தவர் பெயர் நிற்கிறது. தேரில் ஏறியவர் பெயர் நிற்கிறது. தேரைச் செய்தவர் பெயர் மரத்தூளோடு போயிற்று. கையால் ஊர்தி செய்த கலையின் வரலாற்றை எண்ணுவோர் முதலில் எதிர்கொள்வது இந்தப் பெயரின்மையையே.

திருவில்லிபுத்தூரின் தேர்

சங்ககாலத் தேர் குதிரை பூட்டிப் போருக்கும் பயணத்துக்கும் சென்ற விரைவூர்தி. கோயில் தேரோ வீதியில் நகரும் கோயில். இரண்டுக்கும் பெயர் ஒன்றாயினும் வடிவும் நோக்கும் வேறு. மடவார் வளாகத்து வைத்தியநாதரும் வடபத்திரசாயியும் ஆண்டாளும் கோயில்கொண்ட திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைக் காண வருவோர், தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்றைக் காண்கின்றனர். கோபுரம் அசையாத பெருமை; தேர் அசையும் பெருமை. இரண்டும் ஒரே ஊரில் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன.

தேர் கட்டும் தச்சர் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குவர். வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கினும் எளிதில் பிளவாத இலுப்பை, உறுதிமிக்க வேங்கை, உளிக்கு இசையும் தேக்கு என மரத்தின் குணமறிந்து உறுப்புகளை வகுப்பர். அச்சின்மேல் பாரம் தாங்கும் உத்தரங்கள் அமையும். அவற்றின்மேல் பூதப்பார், சிறு உறுதலம், பெரிய உறுதலம், தேவாசனம், சிம்மாசனம் எனத் தட்டுகள் மேன்மேலும் விரிந்து உயரும். அடி குறுகி மேல் அகன்ற இவ்வடிவம் கண்ணுக்கு வியப்பு. பாரத்தைச் சமன் செய்யும் கைக்கோ கடுஞ்சோதனை. பலகைகளைக் கழுந்தும் துளையுமாகக் கோத்து இறுக்குவர். தட்டுகளின் புறத்தே யாளியும் குதிரையும் இதிகாசக் காட்சிகளும் செதுக்கப்பெறும். சிம்மாசனத்துக்கு மேல் எழும் பகுதி ஆண்டுதோறும் மூங்கிலாலும் சட்டங்களாலும் கட்டித் தேர்ச்சீலையால் போர்த்தப்பெறும். ஆகவே தேர் ஒருமுறை செய்து முடிக்கப்படும் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் பாதியேனும் புதிதாகப் பிறக்கும் பொருள்.

மரச்சக்கரம் செய்வது இவை அனைத்திலும் அரியது. தடித்த பலகைகளை அடுக்கிச் சேர்த்து, குறுக்குச் சட்டமிட்டு, வட்டம் பிறழாமல் செதுக்கி, இரும்புப் பட்டையிட வேண்டும். நூலளவு பிழைத்தாலும் தேரின் முழுப்பாரமும் அப்பிழையின்மேல் ஏறும். ஔவையாரின் தச்சனுக்கு ஒரு காலுக்கு ஒரு திங்கள் ஏன் வேண்டியிருந்தது என்பது இங்கே விளங்கும்.

கோயில் தேருக்குத் திருப்பும் கருவி கிடையாது. சக்கரத்தின் முன்னே கட்டையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் உரசி விலகச் செய்தே தேரை வீதி முனையில் திருப்புவர். பின்னே சன்னைமரம் கொடுத்து நெம்புவர். முன்னே முட்டுக்கட்டை இடுபவர், உருளும் சக்கரத்துக்கு ஒரு முழத் தொலைவில் குனிந்து நிற்பவர். ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்பதை மொழி வசையாக்கிவிட்டது. வீதியிலோ அக்கட்டைதான் தேருக்கு வழியும் மக்களுக்கு உயிர்க்காப்பும் ஆகும்.

வண்டி கட்டிய கைகள்

ஆங்கிலேயர் நம் தேரைக் ‘கார்’ என்றே எழுதினர். பின்னர் எந்திரத்தால் ஓடும் ஊர்திக்கும் அச்சொல்லே நிலைத்தது. இது வெறும் சொல்லொற்றுமையாக நிற்கவில்லை. தொடக்ககால மோட்டார் ஊர்திகளின் உடலைக் கட்டியவர் குதிரைவண்டி கட்டிய தச்சரும் கொல்லருமே. சென்னையில் 1840இல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் வண்டி கட்டும் தொழிலில் வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார். குதிரை போய் எந்திரம் வந்தபோதும் வண்டியின் உடல் கையாலேயே பிறந்தது.

இக்கைத்தொழில் கலையாக முதிர்ந்த நாடுகளுள் இத்தாலி தலையாயது. மிலான் நகரில் 1926இல் தொடங்கப்பெற்ற டூரிங் பட்டறை, மெல்லிய எஃகுக் குழல்களால் எலும்புக்கூடு அமைத்து அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் முறையை வகுத்து, அதற்கு ‘மிக இலேசானது’ எனப் பொருள்படும் பெயரையும் சூட்டியது. மூங்கிற் சட்டத்தின்மேல் சீலை போர்த்தும் நம் தேரை அறிந்தவர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது.

மோடெனா நகரில் செர்ஜியோ ஸ்காலியெட்டி 1951இல் தொடங்கிய பட்டறை, பெராரி நிறுவனத்தின் பந்தயக் கார்களுக்கு உடல் அமைத்தது. இளமையிலேயே தந்தையை இழந்து, பதின்மூன்று வயதில் பட்டறை வேலைக்குச் சென்றவர் அவர். மணல் நிரப்பிய தோற்பையின்மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித்தட்டி வளைவை வருவிப்பர், கம்பிச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பர், மீண்டும் தட்டுவர். விரிவான வரைபடத்தைவிடத் தேர்ந்த கண்ணே அங்கு அளவுகோலாயிற்று. அதனால் ஒரு காரின் கதவு அதே வகையைச் சேர்ந்த மற்றொரு காருக்குப் பொருந்தாமற்போவதும், இடப்பக்கமும் வலப்பக்கமும் நுண்ணளவில் வேறுபடுவதும் இயல்பு. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பெற்ற பெராரி 250 ஜி.டி.ஓ. கார்களுள் ஒன்றைப்போல் மற்றொன்று முற்றிலும் இராது.

காலம் மாற்றிய கால்

கைக்குக் காலம் வைத்த எல்லை இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிப்பட்டது. 1966இல் டூரிங் பட்டறை மூடப்பட்டது. 1969இல் பெராரியின் செம்பாதி பியட் நிறுவனத்திடம் சென்றது. ஒரே அச்சில் ஓராயிரம் தகடுகளை அழுத்தி எடுக்கும் எந்திரத்தின்முன் சுத்தியலின் ஓசை தணிந்தது.

தமிழகத்தில் 1948க்குப் பின் ஓடாது நின்ற திருவாரூர் ஆழித்தேர், திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனம் செய்தளித்த இரும்பு அச்சும் சக்கரமும் பூண்டு 1970இல் மீண்டும் ஓடியது. அதன்பின் ஊர்தோறும் பெருந்தேர்கள் இரும்புக் கால் பெற்றன. திருவில்லிபுத்தூர்த் தேரும் அவ்வழியே சென்றது. மரச்சக்கர நாள்களில் பெருந்தேர் வீதியில் நின்றுபோவதும், நிலை சேர நாள்கள் பல ஆவதும் உண்டு. இழுத்துத் தெருவில் விட்ட தேர் என்னும் வழக்கு அந்தப் பட்டறிவில் பிறந்ததே. இரும்புக் கால் இக்குறையைப் போக்கியது. நிறுத்தும் பொறி முட்டுக்கட்டை இடுவோரின் இடரையும் குறைத்தது. ஆதலின் இம்மாற்றத்தைப் பழிப்பது பொருந்தாது. பழைய சக்கரத்தின்கீழ்க் குனியாத எவரும் அதற்காக ஏங்குவதற்கு உரிமையுடையவர் அல்லர்.

எனினும் இழந்தது இன்னது என்று அறிந்தே இழக்கவேண்டும். மரச்சக்கரம் செய்யும் தேவை நின்றதும் அதைச் செய்யும் அறிவும் ஒரு தலைமுறையில் நின்றுபோகும். இவ்வறிவு கையிலிருந்து கைக்குச் சென்றதேயன்றி ஏட்டில் அடங்கியதன்று. பொருளை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். செய்யும் கையை அவ்வாறு வைக்க இயலாது.

பெயரும் பெயரின்மையும்

பெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 2018இல் 4 கோடியே 84 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. 2019இல் இத்தாலியின் போலோஞா நகர நீதிமன்றம் அக்காரின் வடிவைக் கலைப்படைப்பு என்றே ஏற்றது. ஸ்காலியெட்டியின் பெயரைப் பெராரி நிறுவனம் 2004இல் தன் புதிய கார் ஒன்றுக்குச் சூட்டியது. அவர் 2011இல் மறைந்தார். ஆனால் அவருடைய பட்டறையில் நாள்தோறும் தகடு தட்டியவர்களை உலகம் அறியாது. அவ்வகையில் மோடெனாவும் திருவில்லிபுத்தூரும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே ஒரு பட்டறைத் தலைவனின் பெயராவது எஞ்சியது. இங்கே அதுவும் அரிதாயிற்று.

இக்குறையை நீக்குவது கடினமான செயலன்று. தேர் பழுதுபார்க்கப்பெறும் ஆண்டும், பணிசெய்த தச்சர் கொல்லர் பெயரும், பயன்படுத்திய மரமும், ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கும் சொல்லும் எழுதிவைக்கப்பட வேண்டும். கழற்றப்பெற்ற மரச்சக்கரம் எங்கேனும் எஞ்சியிருப்பின் அதை விறகாகாமல் காக்க வேண்டும். உறுதலம், சன்னை முதலிய சொற்கள் அகராதியில் மட்டும் உயிர்வாழும் நிலை வருமுன் அவற்றைப் பேசுவோர் வாயிலிருந்தே கேட்டுத் தொகுக்க வேண்டும். சொல்லைத் தொழிலாகக் கொண்ட புலவர்க்கு இதனினும் உரிய பணி வேறில்லை.

ஔவையார் தச்சனின் திறத்தைக் கண்டார். ஒரு திங்கள் உழைப்பின் அருமையை உணர்ந்தார். அதனை அழியாத பாட்டிலும் வைத்தார். அவன் பெயர் மட்டும் விடுபட்டது. அவர் விட்ட இடத்தைத் தொடர்வது இன்று பாடுவோரின் கடன்.