விழுந்த பழத்தின் சரித்திரம்

பனை யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்தவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, ஏறி எடுப்பவை: கள், கருப்பநீர், நுங்கு, குருத்தோலை. மற்றது, விழுந்தபின் பொறுக்குபவை. பனம்பழம் இந்த இரண்டாவது வகை. அதற்கு ஏணியும் தேவையில்லை, தளைநாரும் தேவையில்லை. இரவில் தொப்பென்று தானே விழும். விடியமுன் கடகத்தோடு போனவருக்குக் கிடைக்கும்.

பனையைப் பற்றிய பதிவுகளில் கள்ளும் மரமும் பெற்ற இடத்தை இந்த விழுந்த பழம் பெறவில்லை. ஒல்லாந்தர் பனை மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். ஆங்கிலேயர் கள்ளிலும் சாராயத்திலும் வருமானம் பார்த்தார்கள். ஆகவே அவை கணக்கேடுகளில் இருக்கின்றன. பழத்தைப் பொறுக்கி, கொட்டையைப் புதைத்து, கிழங்கு கிண்டி, அவித்துக் காயவைத்த புழுக்கொடியலோ வீட்டு வேலையாகவே கிடந்தது. பெண்களின் வேலைக்கு எந்த அரசாங்கம் கணக்கெழுதியது?

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஒரு சின்னத் தேடல். நான் பாரிசில் ஒரு றெஸ்ரோறண்டின் குசினியில் வேலை செய்கிறேன். லீவு நாளில் லாச்சப்பல் பக்கம் போகும்போதெல்லாம் கடைகளில் புழுக்கொடியல் கேட்பது என் வழக்கம். வல்லாரை இருக்கிறது, முருங்கைக்காய் இருக்கிறது, ஒடியல்மாப் பைக்கற் இருக்கிறது. புழுக்கொடியல் மட்டும் ஒருநாள் இருக்கும், பல மாதம் இராது. ஒரு கடைக்கார அண்ணை சொன்னார்: "தம்பி, அதைக் கேக்கிற ஆக்களுக்கு இப்பப் பல்லில்லை. பல்லிருக்கிற பிள்ளையளுக்கு அது என்னெண்டே தெரியாது. நான் ஆருக்கு இறக்கி விக்கிறது?"

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. அது என்னவென்று நமக்கு மட்டும் முழுதாகத் தெரியுமா?

செய்முறையில் இருந்து தொடங்கலாம். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் களி பனாட்டுக்கும் பணியாரத்துக்கும் போகும். மிஞ்சிய கொட்டைகளை மண் அணைத்த பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அது மாவாகிப் பிட்டுக்கும் கூழுக்கும் போகும். அவித்துப் பிளந்து காயவைத்தால் புழுக்கொடியல். அது தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்ன. பல் விழுந்தவர்கள் அதைப் பாக்குரலில் இடித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்பார்கள். மாசி, பங்குனி வெயில் இல்லாமல் புழுக்கொடியல் இல்லை. வெயில் காணாத கிழங்கு பூஞ்சணம் பிடித்துவிடும். பாரிசில் அவித்த கிழங்கை ஹீற்றருக்கு மேலே காயவைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இவ்வளவு பாடு எதற்காக? வாய்க்கு ருசியாக ஒன்று வேண்டும் என்பதற்காக அல்ல. யாழ்ப்பாணம் ஆறில்லாத, சுண்ணாம்புக் கல் நிலம். மழையை நம்பிய ஒரு போக நெல் குடாநாட்டுக்குப் போதாது. அரிசி வெளியில் இருந்து வந்தாகவேண்டும். அது வராத காலத்துக்கு ஒரு காப்பு வேண்டும். மாதக்கணக்கில் பழுதாகாமல் இருக்கும் ஒடியல்தான் அந்தக் காப்பு. அதன் விளையாட்டுத் தம்பிதான் புழுக்கொடியல்.

வெள்ளைக்காரர்களும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. வில்லியம் பேர்கசன் 1850இல் பனைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். பனைக்கு 801 பயன்கள் சொல்லும் தாலவிலாசம் என்ற தமிழ்ச் செய்யுளின் புகழ் அவரைப் போன்றவர்கள் மூலம் ஆங்கிலத்திலும் பரவியது. நாம் இன்றும் மேடைகளில் அந்த 801ஐச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஒரே மரத்திடம் 801 பயன் தேடவேண்டி வந்த ஒரு சமூகத்திடம் வேறு என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

ஒவ்வொரு நெருக்கடியிலும் பனை திரும்பி வந்திருக்கிறது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழ, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, பாணுக்கு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தது. நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கடைசிக் காலத்தில். சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டி கடித்தோம். சவர்க்காரம் இல்லாதபோது பெரியவர்கள் பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள்; காயப்போட்ட சேட்டை மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். எங்கள் ஊர்க் கடையில் சொக்லேற் இருக்கவில்லை. பள்ளிக்கூடப் பையில் புழுக்கொடியல் இருந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது பலருடைய மூட்டைகளில் ஒடியலும் இருந்தது. என் நாக்கில் இன்றும் இருக்கும் ருசி, ஒரு முற்றுகையின் ருசி.

இங்கே ஒரு கதை நமக்குப் பிடிக்கும்: அந்த நாட்களில் எல்லோரும் ஒன்றாக ஒடியல் தின்றோம், மண்ணின் உணவு நம்மைக் காத்தது. பாதி உண்மை. மற்றப் பாதியையும் சொல்லவேண்டும்.

ஒல்லாந்தருக்காக 1706இல் தொகுக்கப்பட்ட தேசவழமையை எடுத்துப் பாருங்கள். சீதனம், காணி, ஈடு பற்றிய விதிகளோடு அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இருக்கின்றன. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். அதற்குப் பின்னும் காணி கைமாறவில்லை. பனங்காணி ஒருவருடையது, அதன் ஓரத்தில் கொட்டில் போட்டிருந்தவர், அந்தப் பனையில் ஏறியவர், வேறொருவர். தேநீர்க் கடையில் அவருக்குச் சிரட்டை. கோயில் வாசலில் அவருக்கு எல்லை. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். நம் பெற்றோரின் காலம் அது.

விழுந்த பழம் யாருடையது என்ற கேள்வியை இந்தப் பின்னணியில் கேட்கவேண்டும். காணிக்காரர் கண்டும் காணாமலும் விட்டால் அது ஏழையின் பங்கு. விடாவிட்டால் களவு. ஒரே கிழங்கு ஒரு வீட்டில் மாலைத் தேநீருக்குக் கொறிக்கும் பண்டம்; வேலை இல்லாத மாரி நாட்களில் இன்னொரு வீட்டில் அதுவே சாப்பாடு.

எங்கள் வளவில் பாத்தி போட்டு, கிழங்கு கிண்டி, அவித்துத் தந்தவர் ஒரு வயதான பெண். மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. "கிழங்கு கிண்டுறவ வந்திட்டா" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அவருடைய பெயரை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு ருசி நினைவிருக்கிறது. அந்தக் கைகளின் விரல் வெடிப்பும் நினைவிருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

இன்னொரு கதை, பனை நமக்கு மட்டுமே உரியது என்பது. எங்கள் குசினியில் ஒரு வங்காளதேசத்து நண்பர் பாத்திரம் கழுவுகிறார். பனங்காய்ப் பணியாரத்தை நான் விளங்கப்படுத்த முன்னரே அவர் "தாலேர் பொறா" என்றார். அவரது அம்மாவும் பழுத்த களியில் அதையேதான் சுடுவாராம். கம்போடியர்கள் அந்தக் களியை அரிசிமாவில் கலந்து அவிக்கிறார்கள். பர்மாவின் வறண்ட பகுதியில் அவித்த பனங்கிழங்கு விற்கிறார்கள். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பொங்கலோடு பனங்கிழங்கு வருகிறது. இதனால் நமக்குக் குறைவொன்றும் இல்லை. பாத்திரம் கழுவும் இரண்டு பேர் ஒரு மரத்தின் கீழே வளர்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது நல்லதுதான்.

கடைசியாக ஒன்று. கிழங்கு என்று நாம் சொல்வது உண்மையில் பனையின் முளை. கிண்டாமல் விட்டால் அது வடலியாகும். பயன் தர பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது எடுக்கும். போர்க்காலத்தில் எல்லாத் தரப்பும் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனை தறித்தன. செல்லடியில் தலையிழந்து நின்ற பனைகளை நாமே பார்த்தோம். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை உட்படப் பலர் போருக்குப் பின் விதை நட்டிருக்கிறார்கள். நட்டதைப் பார்த்துக்கொள்ளவும், பழம் பொறுக்கவும், பாத்தி போடவும் ஆட்கள் வேண்டும். அவர்களுக்குக் கூலியும் மரியாதையும் வேண்டும். முந்தைய கூலிக்கும் முந்தைய மரியாதைக்கும் அவர்களுடைய பிள்ளைகள் வரமாட்டார்கள். வரவும் கூடாது.

ஆகவே லாச்சப்பலில் புழுக்கொடியல் கிடைக்கவில்லை என்று குறைப்படும் நண்பர்களுக்கு: பைக்கற் கிடைத்தால் வாங்குங்கள், விலை பேசாதீர்கள். பிள்ளைகள் "இதென்ன தடி?" என்று கேட்டால், ஊரின் ருசி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பசியையும், தடையையும், பெயர் தெரியாத அந்தப் பெண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெல்ல நேரம் எடுக்கும் பண்டம் அது. சொல்லி முடிக்க நேரம் இருக்கும்.