இது எந்த டேங்க்? முதலில் சக்கரத்தை எண்ணுங்க!

இன்றைய எபிசோட், போருக்கே போகாத போர் வண்டிகளைப் பற்றியது. புரோட்டோடைப் டேங்குகள். ஒன்றோ இரண்டோ செய்து, ஓட்டிப் பார்த்து, "வேண்டாம்" என்று ஓரங்கட்டப்பட்டவை. அப்படி ஒன்றின் போட்டோ கையில் கிடைத்தால், அது என்ன வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலானவர்கள் முதலில் பீரங்கியைப் பார்ப்பார்கள். அடுத்து டரட், அதாவது மேலே சுழலும் பகுதி. கண்ணில் முதலில் படுவதும் அதுதான், ஏமாற்றுவதும் அதுதான். ஏன்னா, ஒரு டேங்கில் அடிக்கடி மாறுவது மேல்பகுதி. புதுப் பீரங்கி வரும், கூடுதல் கவசப் பெட்டிகள் வரும், வலை கட்டுவார்கள், தழையைப் போட்டு மூடுவார்கள். கீழே இருக்கிற சக்கரங்களை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. எண்ணிக்கை மாறினால் சஸ்பென்ஷன் மாறணும், உடல் மாறணும், கிட்டத்தட்ட வேறு வண்டியே ஆகிவிடும். வீட்டுக்கு மேலே மாடி எழுப்பலாம், பெயின்ட் மாற்றலாம். அஸ்திவாரத்தை நகர்த்த முடியுமா?

ஒரு உதாரணம். சோவியத்தின் டி-55, டி-62 இரண்டுக்கும் ஒரு பக்கத்துக்கு 5 சக்கரங்கள். ஆனால் டி-55-இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். டி-62-இல் முன்னாடி 3 சக்கரங்கள் நெருக்கமாக இருக்கும், இடைவெளி பின்பக்கம் விழும். டரட் வெடித்துத் தூக்கி எறியப்பட்ட வண்டியைக்கூட இதை வைத்தே சொல்லிவிடலாம்.

"இதெல்லாம் சும்மா ஹாபிதானே?" என்று கேட்கலாம். 1991 வளைகுடாப் போரை எடுத்துக்கோங்க. பிப்ரவரி 26 அன்று தெற்கு ஈராக்கில், பிரிட்டிஷ் ராணுவத்தின் இரண்டு வாரியர் கவச வண்டிகளை அமெரிக்காவின் ஏ-10 விமானங்கள் எதிரி வண்டிகள் என்று நினைத்துத் தாக்கின. 9 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். சுட்டது கூட்டாளி நாடு. "இது என்ன வண்டி?" என்ற கேள்விக்குத் தப்பான பதில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சரி, புரோட்டோடைப்புக்கு வருவோம். நம்ம சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு அருமையான கேஸ் இருக்கு.

ஆவடியில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம்தான் அர்ஜுன் டேங்கை வடிவமைத்தது. அதே ஆவடியில் இருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, சோவியத் உரிமம் பெற்று டி-72 டேங்குகளைத் தயாரித்தது. இரண்டுக்கும் நடுவே எடை வித்தியாசம் பெரியது. அர்ஜுன் சுமார் 58 டன், டி-72 சுமார் 41 டன். 2000-களின் தொடக்கத்தில் அந்த ஆய்வகத்தின் பொறியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டி-72 உடலை எடுத்து, அதன்மேல் அர்ஜுனின் டரட்டையும் 120 மி.மீ. பீரங்கியையும் உட்கார வைத்தார்கள். சுமார் 47 டன்னில் ஒரு புது வண்டி. பெயர், டேங்க் எக்ஸ்.

மேல்பாதியை மட்டும் காட்டும் போட்டோ என்றால் யாராக இருந்தாலும் "அர்ஜுன்" என்றுதான் சொல்வார்கள். அதே சப்பட்டையான டரட், அதே பீரங்கி. கீழே இறங்கி எண்ணுங்க. அர்ஜுனுக்கு ஒரு பக்கத்துக்கு 7 சக்கரம். இதில் 6 தான். அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

இந்த வண்டிக்குக் கர்ணா என்று இன்னொரு பெயரும் உண்டு. அர்ஜுனனின் அண்ணன், பிறப்பு யாருக்கும் தெரியாமல் வளர்ந்தவன். பெயர் வைத்தவர் மகாபாரதம் நன்றாகப் படித்தவராகத்தான் இருக்கணும். கதையும் அப்படியே போனது. ராணுவம் இதை ஏற்கவில்லை. அர்ஜுன் படையில் சேர்ந்தது, கர்ணா சோதனை வண்டியாகவே நின்றுவிட்டது.

இதே மாதிரி ஒட்டுப்போட்ட இன்னொரு வண்டி ரஷ்யாவில், மாஸ்கோவுக்கு அருகே குபின்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 188 டன் எடை. இதுவரை செய்து முடிக்கப்பட்ட டேங்குகளில் இதைவிடக் கனமானது கிடையாது. ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் மவுஸ். அதாவது எலி!

ஃபெர்டினான்ட் போர்ஷேவின் வடிவமைப்பு. முழுசாக உருவானவை இரண்டே இரண்டு, வி1, வி2. நம்மை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்கள் 'வி' என்றால் வெர்ஷன் என்று படிப்போம். ஜெர்மன் புரோட்டோடைப் பெயர்களில் வரும் அந்த எழுத்து, 'ஃபெர்ஸூக்' என்ற சொல்லைக் குறிப்பது. சோதனை என்று அர்த்தம். வி1 முதலில் ஓடியது 1943 டிசம்பரில். அதன்மேல் நிஜ டரட்டை ஜெர்மானியர்கள் பொருத்தவே இல்லை, அதே எடைக்கு ஒரு பாரத்தை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். 128 மி.மீ. பீரங்கியோடு நிஜ டரட் கிடைத்தது வி2-வுக்கு மட்டும்.

1945-இல் சோவியத் படை நெருங்கியபோது ஜெர்மானியர்களே வி2-வை வெடி வைத்துத் தகர்த்தார்கள். உடல் சிதைந்தது, டரட் தப்பியது. வி1-இன் உடல் கும்மர்ஸ்டார்ஃப் சோதனைத் திடலில் கிடந்தது. சோவியத் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுமார் 55 டன் எடையுள்ள அந்த டரட்டை, கைப்பற்றிய ஜெர்மன் இழுவை வண்டிகள் ஆறைக் கட்டி இழுத்தார்கள். வி1 உடலின்மேல் வி2 டரட்டை வைத்து 1946-இல் குபின்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போ சொல்லுங்க, குபின்காவில் நிற்பது வி1-ஆ, வி2-ஆ? இரும்பு முழுக்க அசல்தான், போலி கிடையாது. ஆனால் ஜெர்மானியர்கள் இந்தச் சேர்க்கையில் ஒருநாள்கூட அதை ஓட்டியதில்லை. அதைப் பார்த்துவிட்டு "போரில் இப்படித்தான் இருந்தது" என்று சொன்னால் பாதிதான் உண்மை.

துப்பாக்கியிலும் இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஏராளமான ஜெர்மன் மவுசர் கே98கே ரைஃபிள்களைக் கைப்பற்றியது. பழுதுபார்க்கும்போது பாகங்கள் கலந்துபோயின. ஒரு துப்பாக்கியின் போல்ட் இன்னொன்றில் ஏறியது. பிறகு எண்கள் ஒத்துப்போவதற்காகப் புதிதாக எண் பொறித்தார்கள். எண் பொருந்துகிறதே என்று நம்பி வாங்கினால், அந்த எண்ணே பின்னால் போட்டதாக இருக்கும்.

அதனால், தெரியாத வண்டியின் போட்டோ வந்தால் நான் கீழிருந்து மேலே போவேன். முதலில் சக்கர எண்ணிக்கை. அடுத்து இடைவெளி. பிறகு எக்ஸாஸ்ட் எங்கே இருக்கிறது, இன்ஜின் முன்னாலா பின்னாலா. அதற்கப்புறம்தான் டரட். பீரங்கி கடைசி. ஒற்றைப் பெயரில் பதிலை முடிக்கவும் மாட்டேன். "டி-72 உடல், அர்ஜுன் டரட்" என்று பாகம் பாகமாகச் சொல்வேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? நாங்கள் கோட் எழுதும்போது சில பிராஞ்சுகள் மெயினில் மெர்ஜ் ஆகவே ஆகாது. ஆனால் "இந்த வழியையும் யோசித்தார்கள், வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்" என்பதற்கு அதுதான் சாட்சி. டேங்க் எக்ஸ் போட்டோவுக்குக் கீழே "அர்ஜுன்" என்று எழுதிவிட்டால் ஒரு பெயர் மட்டும் தப்பாகவில்லை. ஆவடியில் சிலர் வேறொரு வழியை முயன்று பார்த்ததும், அதை ராணுவம் மறுத்ததும் சேர்ந்தே அழிந்துபோகிறது. ஜெயித்த வண்டிகளைப் பற்றிப் புத்தகம் எழுத நிறைய பேர் இருக்காங்க. தோற்ற வண்டிக்குப் பல நேரம் மிஞ்சுவது ஒரு போட்டோவும் அதன் கீழே ஒரு வரியும்தான். அந்த ஒரு வரியாவது சரியாக இருக்கட்டும்.