கம்பெனி டைரக்டர் தன் அதிகாரத்தை இன்னொருத்தருக்குக் கொடுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

"நான் பேருக்குத்தான் டைரக்டர். கணக்கு வழக்கெல்லாம் எம்.டி. பார்த்துக்கிறார்." குடும்ப கம்பெனிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் பிரச்னை என்று வந்து நோட்டீஸ் வீட்டுக் கதவைத் தட்டினால், இந்தப் பதில் மட்டும் காப்பாற்றாது. ஏன்?

அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

கம்பெனியை நடத்தும் அதிகாரம் தனி ஒரு டைரக்டரிடம் இல்லை. எல்லா டைரக்டர்களும் சேர்ந்த இயக்குநர் குழுவிடம், அதாவது போர்டிடம்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 179 இதைச் சொல்கிறது.

எதைக் கொடுக்கலாம்?

கடன் வாங்குவது, பணத்தை முதலீடு செய்வது, கடன் அல்லது உத்தரவாதம் கொடுப்பது ஆகிய மூன்றையும் போர்டு பிறரிடம் ஒப்படைக்கலாம். டைரக்டர்களின் துணைக்குழு, நிர்வாக இயக்குநர், மேலாளர், முதன்மை அதிகாரி ஆகியோரிடம் கொடுக்கலாம். கிளை அலுவலகம் என்றால் அதன் முதன்மை அதிகாரியிடமும் கொடுக்கலாம். ஆனால் வாய்வார்த்தை போதாது. போர்டு கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். நிபந்தனைகளும் விதிக்கலாம்.

எதைக் கொடுக்கக் கூடாது?

பங்குகள் வெளியிடுவது, கம்பெனி தன் பங்குகளையே திரும்ப வாங்குவது, ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல் தருவது, புதிய தொழிலில் இறங்குவது, வேறு கம்பெனியோடு இணைவது போன்ற முடிவுகளை போர்டே கூடி எடுக்க வேண்டும்.

பதவியையே கைமாற்றலாமா?

முடியாது. பிரிவு 166-ன்படி டைரக்டர் தன் பதவியை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தால் அது செல்லாது. மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். டைரக்டர் 3 மாதத்துக்குக் குறையாமல் இந்தியாவில் இல்லாதபோது, போர்டு மாற்று டைரக்டரை நியமிக்கலாம். அதற்கு கம்பெனியின் விதிகளோ பொதுக்குழுத் தீர்மானமோ அனுமதி தந்திருக்க வேண்டும்.

ஒப்படைத்தால் பொறுப்பு தீர்ந்ததா?

இல்லை. உரிய கவனத்தோடு செயல்படுவது ஒவ்வொரு டைரக்டரின் கடமை என்கிறது அதே பிரிவு 166. பிரிட்டனில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 1995இல் சிங்கப்பூரில் இருந்த ஒரே ஊழியரின் வர்த்தகத்தால் லண்டனின் பேரிங்ஸ் வங்கிக்கு 80 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம்; வங்கியே கவிழ்ந்தது. அவரைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று மூன்று டைரக்டர்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது. வேலையை ஒப்படைத்தாலும் மேற்பார்வை செய்யும் கடமை போகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆக, 'பேருக்கு' டைரக்டராக இருப்பவர்கள் போர்டு கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு தொகை வரை அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும்.