பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வந்த கதை

பாஸ்போர்ட் என்றதும் முதலில் ஞாபகம் வருவது அதில் திருதிருவென முழிக்கும் நம்முடைய போட்டோதான். ஆனால் முதல் உலகப் போர் வரை பெரும்பாலான நாடுகளின் பாஸ்போர்ட்டில் போட்டோவே கிடையாது, தெரியுமா?

1914-ல் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி பிரிட்டனுக்குள் நுழைந்தான். கையில் இருந்தது வேறொரு அமெரிக்கரின் அசல் பாஸ்போர்ட். அதில் படம் இல்லை. அதனால் ஆள் அவர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. அனுப்பிய கடிதங்களால் மாட்டிக்கொண்டு, நவம்பர் 6-ம் தேதி லண்டன் டவரில் சுட்டுக் கொல்லப்பட்டான். அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோவைக் கட்டாயமாக்கியது. போர்க்காலத்தில் மற்ற நாடுகளும் அந்த வழிக்கே வந்தன.

சரி, பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை!

1997-ல் ரிச்சர்ட் கெம்ப் குழுவினர் பிரிட்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோதனை செய்தார்கள். வேறொருவர் படம் போட்ட கிரெடிட் கார்டுகளைச் சிலர் காசாளர்களிடம் நீட்டினார்கள். பாதிக்கும் மேற்பட்ட கார்டுகள் செல்லுபடியாகிவிட்டன!

காசாளர்கள் பாவம், பழக்கமில்லாதவர்கள் என்று நினைக்கிறீர்களா? 2014-ல் ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளையே சோதித்தார்கள். தவறான படங்களில் 14 சதவீதத்தை அவர்களும் 'சரி' என்றார்கள். எத்தனை வருட சர்வீஸ் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் இப்படி? 2011-ல் ராப் ஜென்கின்ஸ் குழுவினரின் ஆய்வு இதை விளக்குகிறது. இரண்டே பெண்களின் 40 படங்களைக் கலந்து கொடுத்து, "ஆள்வாரியாகப் பிரியுங்கள்" என்றார்கள். அந்த முகங்களைத் தெரியாதவர்கள் சராசரியாக ஏழெட்டுப் பேர் என்று பிரித்தார்கள். அந்தப் பெண்கள் நெதர்லாந்துப் பிரபலங்கள் என்பதால், அந்நாட்டவர்கள் சுலபமாக இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். தெரிந்த முகத்தை எந்தக் கோலத்திலும் கண்டுபிடிக்கிறோம். அதனாலேயே முகம் பார்ப்பதில் நாம் கில்லாடி என்று நம்பிவிடுகிறோம். தெரியாத முகம் என்றால் வெளிச்சம் மாறினாலே ஆள் மாறிவிடுகிறார்.

இதில் மோசடிக்காரன் தப்புவது மட்டுமல்ல, உண்மையான ஆளும் "இது நீ இல்லை" என்று திருப்பி அனுப்பப்படலாம். வணிகவியல் மாணவனாக எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரே ஒரு வவுச்சரை வைத்துக் கணக்கு சரி என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். முகத்துக்கும் அதே விதி வேண்டாமா நண்பர்களே? போட்டோவோடு இன்னொரு சான்றும், சந்தேகம் வந்தால் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்களும் வேண்டும்.