மாடிக்கு வண்டி ஏறும் தொழுவம்



அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், லான்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் 1700-களில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனிப் பக்கமிருந்து குடியேறியவர்கள். இன்றைக்கும் ஏர் இழுப்பது குதிரையும் கோவேறு கழுதையும்தான். வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. பழைய பஞ்சாங்கம் என்று சிரித்துவிடாதீங்க. அவர்கள் பண்ணைக் கட்டடங்களில் கணக்கு இருக்கிறது.

அங்கே 1805-ல் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வீட்டோடு ஒரு பழைய பண்ணையை 1955-ல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் வீட்டைவிடப் பார்க்க வேண்டியது அந்த வட்டாரத்துத் தொழுவம். மேட்டுச் சரிவை ஒட்டி இரண்டு தளமாகக் கட்டுவார்கள். மேட்டுப் பக்கமாக வைக்கோல் வண்டி நேரே மேல்தளத்துக்கே போய்விடும். தலைச்சுமை கிடையாது. நடுவிலே கதிரடிக்கும் களம். இரண்டு பக்கக் கதவையும் திறந்தால் காற்று ஊடே வீசும், தூற்றிக்கொள்ளலாம். மாடுகள் கீழ்த்தளத்தில். மேலேயிருந்து ஓட்டை வழியாகத் தீவனத்தைத் தள்ளினால் போதும். மேல்தளம் சில அடி முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால் தொழுவ வாசலில் மழையும் பனியும் விழாது. பெரும்பாலும் தெற்குப் பார்த்த வாசல். குளிர்காலத்தில் வெயில் விழும். இது ஆமிஷ்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததில்லீங்க. அங்கே குடியேறிய ஜெர்மன் மொழிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் கட்டினார்கள்.

ஊற்றுக்கு மேலே சின்னக் கல்வீடு கட்டி, பால் கேனைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திவைப்பதும் உண்டு. பிற்பாடு பால் வாங்குவோர் இயந்திரத்தில் குளிர்வித்த பால்தான் வேண்டுமென்றதும், சபை யோசித்து டீசல் எஞ்சினுக்குச் சம்மதித்தது. மின்கம்பிக்கு இல்லை!

மக்காச்சோளக் கதிருக்குச் சட்டம் அடித்த காற்றோட்டக் கூண்டு, புகையிலை உலர்த்த பலகை திறந்து மூடும் கொட்டகை என்று இன்னும் உண்டு.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது தாத்தா வீடு. பிள்ளை தலையெடுத்ததும் பெற்றோர் பெரிய வீட்டை விட்டு, ஒட்டிக் கட்டிய சிறுவீட்டுக்குப் போய்விடுவார்கள். பண்ணை பெரும்பாலும் ஒரு மகன் கைக்குப் போகும்.

மற்றப் பிள்ளைகள்? ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பங்கள் சாதாரணம். நில விலை ஏறியதும் பலர் மலிவான நிலம் தேடி வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். பலர் தச்சுவேலையில் இறங்கினார்கள். சில பண்ணைகளில் அந்தப் பழைய புகையிலைக் கொட்டகைதான் இப்போது பட்டறை.