துக்க வீட்டுக்குப் பொங்கல் வாழ்த்து

பொங்கல் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்த காலத்திலும் ஊரில் சில வீடுகளுக்கு ஒன்றுகூட வராது. அந்த வருஷம் சாவு விழுந்த வீடுகள் அவை. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நான் தபால்காரனாக இருந்த காலமெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பொங்கல் பானை ஏறாது. வெள்ளையடிப்பதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. தீபாவளி அன்று பக்கத்து வீட்டார் முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலகாரம் இல்லாமல் இருக்கக்கூடாது என்று யோசித்து ஏற்படுத்திய வழக்கம் அது. பலகாரத்துக்கு வழி வைத்த ஊர் கடிதத்துக்கு வழி வைக்கவில்லை. ‘மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்று அச்சடித்த அட்டையைத் துக்க வீட்டுக்கு யார் அனுப்புவார்கள்? வேறு என்ன எழுதுவது என்றும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுதாமல் விட்டார்கள்.

வாழ்த்து அட்டையின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இந்த விடுபடல் இன்னும் உறுத்துகிறது. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்தது. எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம். அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிடலாம். அதற்குமுன் பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், ஏழை வீட்டில் கடிதம் வந்தாலே பயம். அந்தச் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். 1843-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அவர்தான் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஓர் அட்டை வரையச் செய்தார். ஆயிரம் படிகள் அச்சிட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். நடுவில் ஒரு குடும்பம் கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்கிறது. சின்னக் குழந்தைக்கும் மது புகட்டுவதுபோல் வரைந்திருந்ததால் அப்போதே கண்டனம் எழுந்தது. என்னை இழுப்பது நடுப்படம் இல்லை, இரண்டு ஓரங்களிலும் உள்ள சிறிய படங்கள். ஒரு பக்கம் பசித்தவருக்குச் சோறு, இன்னொரு பக்கம் உடையில்லாதவருக்குத் துணி. பண்டிகையின் ஓரத்தில் நிற்கிறவர்களுக்கு முதல் அட்டையிலேயே இடம் இருந்தது. பிறகு வந்த அட்டைகளில் பூவும் பனியும் நிறைந்து அவர்கள் மறைந்துபோனார்கள்.

இந்தியாவில் 1854-இல் நாடு முழுக்க ஒரே கட்டண முறை வந்தது. 1879 ஜூலையில் தபால் கார்டு வந்தது, விலை கால் அணா. ‘காலணாக் கார்டு’ என்ற பேச்சு என் சிறுவயதுவரை பெரியவர்கள் வாயில் இருந்தது. நல்ல செய்தி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். சாவுச் செய்தி வந்த கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள், வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் படித்துக் காட்டுவதும் நாங்கள்தான். அந்தக் கார்டை வாசித்து முடித்ததும் சைக்கிளை உடனே திருப்பிக்கொண்டு போய்விட முடியாது. கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்த வேலையை எனக்கு முன்னால் இருந்த தபால்காரர் செய்து காட்டினார், நான் கற்றுக்கொண்டேன்.

திராவிட இயக்கத்தார் பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்திய பிறகு பொங்கல் அட்டை பெருகியது. எண்பதுகளில் அது உச்சத்துக்குப் போனது. எங்களுக்குப் பக்கத்து ஊர் சிவகாசி. ஏர் பூட்டிய காளை, கரும்போடு நிற்கும் பெண், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் என்று அங்கே அச்சாகி எல்லா ஊர்ப் பெட்டிக்கடையிலும் கயிற்றில் தொங்கும். டிசம்பர் நடுவில் கிறிஸ்துமஸ் அட்டைகள் தொடங்கும், அதன் வால் பிடித்துப் புத்தாண்டு, அது அடங்குமுன் பொங்கல். உள்ளூர், மதுரை, சென்னை என்று அட்டைப்பெட்டிகளை அலுவலக வாசலில் வைத்துத் தனியாகப் போடச் சொல்வோம். கவரை ஒட்டாமல் மடித்துச் செருகினால் புக் போஸ்ட் கட்டணம், ஒட்டிவிட்டால் கடிதக் கட்டணம். இது தெரியாமல் ஒட்டி, குறைந்த ஸ்டாம்பு வைத்து அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவரிடம் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கு ‘டியூ’ வசூலிக்க வேண்டும். வேண்டுமென்றே ஸ்டாம்பு ஒட்டாமல் நண்பனுக்கு அனுப்பும் பள்ளிப் பையன்களும் உண்டு, திட்டிக்கொண்டே காசு கொடுத்து வாங்குவார்கள். முத்திரை குத்திக் குத்தித் தோள் வீங்கும். எவ்வளவு ஓடினாலும் ஒரு பகுதி அட்டைகள் மாட்டுப்பொங்கல் முடிந்துதான் போய்ச்சேரும். ‘பண்டிகை முடிஞ்சு வாழ்த்து கொண்டு வர்றீரே’ என்று பெண்கள் சத்தம் போடுவார்கள். அந்தத் தாமதத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் தபால் கொடுத்துவந்த சுற்றில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். மார்கழி பிறந்ததும் சாதா தபால் கார்டுகள் கட்டாக வாங்குவார். அந்த வருஷம் யார் வீட்டில் துக்கம் என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். படம் இல்லை, வாழ்த்து இல்லை. இந்த வருஷம் மழை எப்படி, பருத்தி என்ன விலை போகிறது, கோயில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று நாலு வரி. கடைசியில், உங்களை நினைத்துக்கொண்டேன், பதில் எழுத வேண்டியதில்லை என்று ஒரு வரி. ஆறுதல் சொல்லிக் கேட்டவர் இல்லை. பொங்கலோடு நிறுத்தவும் மாட்டார். மாசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, தலைத்திவசம் வரைக்கும் போகும். கார்டு என்பதால் நானும்தான் படிப்பேன். பருத்தி விலையை எதற்குத் துக்க வீட்டுக்கு எழுதுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கார்டுகளை விளக்குமாடத்தில் அடுக்கி வைத்திருந்ததை மட்டும் பார்த்தேன்.

மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கும் என் மகள்தான் ஜெரோம் மோட்டோவைப் பற்றி எனக்குச் சொன்னாள். அவர் சான்ஃபிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் படைவீரராக இருந்தபோது, முன்பு கொஞ்சமே பழகிய ஒரு பெண்ணிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அவை தன்னைத் தாங்கியதை அவர் மறக்கவில்லை. 1969-இல், மன அழுத்தத்தாலோ தற்கொலை எண்ணத்தாலோ அந்த நகர மருத்துவமனைகளில் சேர்ந்து வெளியேறியவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். மொத்தம் 3,005 பேர். அவர்களில் 843 பேர் தொடர் சிகிச்சையே வேண்டாம் என்றவர்கள் அல்லது பாதியில் விட்டவர்கள். இவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குக் கடிதம் எழுதினார்கள், மறுபாதிக்கு எழுதவில்லை.

அந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு வாத்தியாரின் கையெழுத்துதான் கண்ணில் வந்தது. இரண்டு மூன்று வரிதான். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதலாம் என்ற அளவில் நிற்கும். மருத்துவமனைக்கு வா என்று கூப்பிடாது, மருந்து சாப்பிட்டாயா என்று கேட்காது, அறிவுரை கிடையாது. மருத்துவமனையில் அந்த நோயாளியைச் சந்தித்துப் பேசிய ஆளே எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்தார்கள், ஒரே வாசகம் ஒருவருக்குத் திரும்ப வரக்கூடாது. முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு நான்கு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்து வருஷத்தில் 24 கடிதங்கள். கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலைச் சாவு குறைந்திருந்தது, முதல் இரண்டு வருஷத்தில் வித்தியாசம் தெளிவாகவே இருந்தது. பிறகு இடைவெளி சுருங்கிச் சுருங்கி, கடிதம் நின்று வருஷங்கள் ஆனபின் இல்லாமல் போனது. இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் குறையாகப் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதம் வந்துகொண்டிருந்தவரை அது வேலை செய்தது என்றுதான் ஒரு தபால்காரன் படிப்பான்.

மோட்டோவின் வழியைப் பிறகு பல ஊர்களில் சோதித்தார்கள். டெஹ்ரானில் லோக்மான் ஹக்கீம் மருத்துவமனையின் நச்சு முறிவுப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 2,300 பேரை எடுத்து, ஒரு பாதியினருக்கு ஒரு வருஷத்தில் எட்டு அஞ்சலட்டைகள், கூடவே பிறந்தநாளுக்கு ஒன்று அனுப்பினார்கள். அட்டை போனவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் குறைந்திருந்தன. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலிலும் பலன் கிடைத்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கிடைக்கவில்லை. கடிதம் ஒரு தாயத்து இல்லை என்பதற்காக இதையும் சொல்லிவிட வேண்டும். அட்டை சிகிச்சைக்குப் பதிலாகவும் ஆகாது.

நம்மூருக்கு நெருக்கமான சோதனை சென்னையிலேயே நடந்தது. 1986-இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் அதில் பங்கெடுத்தார். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேரைத் தொடர்ந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ஒரு விசாரிப்பும். முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008-இல் வெளியான இந்தக் கணக்கை மகள் காட்டியபோது நான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு போடும் 309-ஆம் பிரிவு அப்போதும் நடைமுறையில் இருந்தது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல்தான் வந்தது. மிரட்ட வந்த சட்டம் செய்யாததை ஒன்பது நலம் விசாரிப்புகள் செய்தன.

தாமதமாக வந்த அட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பண்டிகை நாளில்தான் தற்கொலை அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1897-இலேயே சமூகவியலாளர் எமில் தர்கைம் ஐரோப்பியக் கணக்குகளை வைத்து, குளிர்கால இருட்டைவிடப் பகல் நீளும் மாதங்களில்தான் சாவு கூடுகிறது என்று காட்டினார். மேலை நாடுகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் சமயத்தில் எண்ணிக்கை குறைகிறது, புத்தாண்டு நாளில் ஏறுகிறது. பண்டிகைக்கு முன்பு யாராவது வருவார்கள், யாராவது கூப்பிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்போலும். ஊர் தன் வேலைக்குத் திரும்பிய பிறகு, வராதவர்களின் எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் காணும் பொங்கலும் முடிந்து வந்த அந்த அட்டைகளில் சில, சரியான நாளுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். வாத்தியார் மாசியில் எழுதியதும் இதைத் தெரிந்துதான் என்று நினைக்கிறேன். துக்க வீட்டுக்குக் கூட்டம் பதினாறாம் நாள்வரை வரும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நாள் நீளும்.

கைப்பேசி வந்த புதிதில் பண்டிகை நாளில் குறுஞ்செய்திக்குக் கம்பெனிகள் தனிக் கட்டணம் பிடித்தன, சலுகை பேக் அன்றைக்குச் செல்லாது. அப்போதே பொங்கல் அட்டை ஓய்ந்துகொண்டிருந்தது. இப்போது வாழ்த்துக்குக் காசே இல்லை. ஒரே படம் இருநூறு பேருக்கு ஒரு விரல் தட்டலில் போகிறது. மோட்டோ எதைச் செய்யக்கூடாது என்று வைத்திருந்தாரோ அதுவேதான் இது. கைப்பேசிமேல் எனக்குப் பகை இல்லை. அமெரிக்கப் படைவீரர்களுக்கு மோட்டோவின் முறையையே குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லி, அவருக்கென்று தட்டச்சு செய்தால் கைப்பேசியும் தபால்பையும் ஒன்றுதான்.

தபால் கார்டு இன்றும் ஐம்பது பைசாதான். பணி ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் நான் ஒரு கட்டு வாங்குகிறேன். அந்த வருஷம் கணவனையோ பிள்ளையையோ இழந்தவர்கள், விவாகரத்துக்குப் பின் தனியாக இருக்கும் ஒருவர், பத்தாவதில் தேறாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்கும் ஒரு பையன் என்று எழுதுகிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் மழை உண்டா, சாத்தூர்ச் சேவுக்கடையில் கூட்டம் எப்படி, வைப்பாற்றில் தண்ணீர் வந்ததா என்றுதான் எழுத வருகிறது. பதில் வேண்டாம் என்று முடிக்கிறேன். கார்டை எல்லாரும் படிக்கலாம் என்பதால் நோயைப் பற்றியோ அழுகையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. மகள் சொன்னபடி பையனுக்கு மட்டும் கார்டுக்குப் பதில் ஒட்டிய கவர். உள்ளே இரண்டு எண்கள் எழுதிய துண்டுச் சீட்டு: தமிழக அரசின் 104, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416. இரண்டிலும் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அவனுக்கு அடுத்த கடிதம் மாசியில், அதற்கடுத்தது தேர்வு முடிவு வரும் வைகாசிக்கு முன்னால்.